இந்த எண்ணால் எந்த முடிவு மாறும்? ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணுவது பற்றி

(நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடைபெற்ற காலாண்டு மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், நம்மிடையே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆய்வக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர் லாரி வரும் நேரத்தையும் பொருட்படுத்தாமல் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உங்களுக்கும் நன்றி.

இன்றைய பேச்சுக்கு இரண்டு காரணங்கள். ஒரு பரிசோதனைக் கூடம் நமது சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. குடியிருப்புக்கே வந்து முகாம் நடத்தி, 'நோய் எதிர்ப்புச் சக்தியின் முழு விவரம்' என்ற ரத்தப் பரிசோதனையைச் சலுகை விலையில் செய்து தருகிறார்களாம். இம்யூனோதெரபி யாருக்குப் பலன் தரும் என்பதும் அதில் தெரிந்துவிடும் என்று கடிதத்தில் இருக்கிறது. அனுமதி கொடுக்கலாமா என்று செயற்குழு என்னிடம் கேட்டது. இரண்டாவது காரணம், நம்மிடையே சில குடும்பங்கள் இப்போது புற்றுநோய் சிகிச்சையில் இருக்கின்றன. அவர்கள் கையில் இப்படிப்பட்ட அறிக்கைகள் வந்து சேர்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் என் பதில் ஒரே கேள்விதான். இந்த எண் கூடினாலோ குறைந்தாலோ, சிகிச்சையில் எந்த முடிவு மாறும்? மருத்துவரால் இதற்குத் தெளிவான பதில் சொல்ல முடிந்தால், அந்தப் பரிசோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். எங்கே பதில் இருக்கிறது, எங்கே இன்னும் இல்லை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எதை எண்ணுகிறார்கள்?

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சிறு சொட்டைவிடவும் மிகக் குறைந்த அளவில், சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். நீங்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் முழு ரத்த எண்ணிக்கையில் இதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகை லிம்ஃபோசைட். நுண்ணோக்கியில் பார்த்தால் லிம்ஃபோசைட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் வேலை வேறு. சில கட்டளை கொடுக்கும், சில நேரடியாகக் கொல்லும், சில எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும்.

இவற்றைப் பிரித்து அறிய வழி கிடைத்தது 1975-இல். கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடித்துக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதன் பிறகு செல்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்ததால் குழப்பம் வந்தது. 1982-இல் பாரிஸில் கூடி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவைதான் சிடி எண்கள். இது பாட்டு கேட்கும் சிடி அல்ல, தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேனும் அல்ல. சிடி3 இருந்தால் அது டி செல். அதிலேயே சிடி4 இருந்தால் உதவும் வகை, சிடி8 இருந்தால் கொல்லும் வகை. சிடி19 இருந்தால் பி செல். ஊழியர்களின் அடையாள அட்டை போல வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் கருவியின் பெயர் ஃப்ளோ சைட்டோமீட்டர். ஒளிரும் சாயம் பூசிய ஆன்டிபாடிகளை ரத்தத்தில் கலந்து, செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் முன் ஓட விடுவோம். எந்த செல் எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்கள் கடந்து போகும்.

ஒரு எண்ணுக்கு எப்படி அர்த்தம் வந்தது?

இந்த எண்ணிக்கை சிகிச்சையை வழிநடத்திய மிகத் தெளிவான உதாரணம் எச்.ஐ.வி. அது இம்யூனோதெரபி அல்ல என்றாலும், ஒரு எண் எப்படி நம்பகமானதாகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான், 1986-இல், டாக்டர் சுனீதி சாலமன் தலைமையிலான குழுவால். அந்த வைரஸ் சிடி4 செல்களைத்தான் அழிக்கிறது. ஆகவே சிடி4 எண்ணிக்கையைப் பார்த்து நோயின் நிலையை மதிப்பிட்டார்கள். ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் வேறு தொற்றுகள் தாக்கும். அப்போது தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும்.

2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனையும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. அந்தக் காலத்தில் யாருக்கு மருந்தைத் தொடங்குவது என்பதையே பெரும்பாலும் சிடி4 எண்தான் தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 2010-இல் 350 ஆகவும், 2013-இல் 500 ஆகவும் உயர்த்தியது. 2015-இல், எண் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் மருந்து கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. தாமதிக்காமல் தொடங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று பெரிய ஆய்வில் தெரிந்ததே காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? 200, 350, 500 என்பவை ஏதோ ஒரு ஆய்வகம் போட்ட கோடுகள் அல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கிடைத்தவை. புதிய ஆதாரம் வந்தபோது கோட்டை நகர்த்தவும் கடைசியில் எடுத்துவிடவும் தயாராக இருந்தார்கள். ஆனாலும் 200-க்குக் கீழே என்றால் தடுப்பு மருந்து என்ற முடிவு இன்றும் இருப்பதால், அந்த எண்ணை இன்றும் எடுக்கிறார்கள்.

எண் வேலை செய்யும் இடங்கள்

இனி நமது விஷயத்துக்கு வருவோம். நோய் எதிர்ப்பு மண்டலத்தையே கருவியாகப் பயன்படுத்தும் சிகிச்சைகளில், ரத்தத்தில் செல் எண்ணுவது உண்மையிலேயே உதவும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ரிடுக்ஸிமாப். 1997-இல் ஒரு வகை லிம்ஃபோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இன்று மூட்டுவாதம், பெம்ஃபிகஸ் என்ற தோல் கொப்புள நோய், சில சிறுநீரக நோய்கள், சில நரம்பு நோய்கள் ஆகியவற்றுக்கும் கொடுக்கிறார்கள். பி செல்களின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தைப் பிடித்து அவற்றை அழிப்பது இதன் வேலை. மருந்து கொடுத்த பிறகு பி செல்கள் போய்விட்டனவா, எப்போது திரும்பி வருகின்றன என்று ரத்தத்தில் பார்க்கலாம். அறிக்கையில் சிடி20 என்று இல்லாமல் சிடி19 என்று இருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மருந்தே சிடி20-இன் மேல் உட்கார்ந்து அதை மறைத்துவிடும். செல் இருந்தும் இல்லாதது போலத் தெரியும். அதனால் பக்கத்து அடையாளமான சிடி19-ஐ எண்ணுகிறோம். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோயில், பி செல்கள் திரும்புவதைப் பார்த்து அடுத்த தவணையை முடிவு செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இங்கே எண்ணால் முடிவு மாறுகிறது.

இரண்டாவது கார்-டி செல் சிகிச்சை. நோயாளியின் டி செல்களையே எடுத்து, புற்று செல்லை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, பெருக்கி, திரும்பச் செலுத்துவார்கள். ஐ.ஐ.டி. மும்பையும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பெயரிலேயே 19 இருக்கிறது பாருங்கள். அதன் இலக்கு சிடி19. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் பயன்படுகிறது. இதில் செல் எடுப்பதற்கு முன்பே, ரத்தத்தில் போதுமான லிம்ஃபோசைட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலுத்திய பிறகு, புற்று செல்களோடு நல்ல பி செல்களும் அழியும், ஏனென்றால் அவற்றிலும் சிடி19 உண்டு. ஆகவே சிடி19 எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றால் மாற்றிய செல்கள் இன்னும் காவல் காக்கின்றன என்று ஓர் அறிகுறி. அதே சமயம் எதிர்ப்புப் புரதம் குறைந்து தொற்று வரலாம் என்ற எச்சரிக்கையும் கூட. சாதாரண அறிக்கையில் பூஜ்யம் என்றால் பதறுவோம். இங்கே அதற்குப் பொருளே வேறு. அதனால்தான் எந்தச் சிகிச்சைக்கு நடுவில் எடுத்தது என்று தெரியாமல் ஒரு எண்ணைப் படிக்கக் கூடாது.

எண் இன்னும் வழிகாட்டாத இடம்

இப்போது பலரும் 'இம்யூனோதெரபி' என்று சொல்லும்போது நினைப்பது மூன்றாவது வகை. நமது டி செல்களில் பிரேக் மாதிரி சில புரதங்கள் இருக்கின்றன. தேவைக்கு மேல் தாக்காமல் இருக்க உடல் வைத்துக்கொண்ட ஏற்பாடு. புற்றுநோய் செல்கள் அந்த பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கின்றன. அந்த பிரேக்கை விடுவிக்கும் வழியைக் காட்டியதற்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை பிடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்.

சிலருக்கு இவை ஆண்டுக்கணக்கில் வாழ்வு கொடுத்திருக்கின்றன. பலருக்குப் பலன் தருவதில்லை. செலவோ லட்சக்கணக்கில். அதனால், யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது! ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற பேச்சு எடுபடுவதும் இந்த ஆசையால்தான்.

இன்று நடைமுறையில் முடிவை மாற்றும் முக்கியமான பரிசோதனைகள் கட்டியின் திசுவில் செய்யப்படுபவை. நுரையீரல் புற்றுநோயில் பிடி-எல்1 என்ற புரதம் கட்டியின் செல்களில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பொருத்தமானவர்களுக்குக் கீமோ இல்லாமல் இம்யூனோதெரபியை மட்டும் முதலில் கொடுக்கும் வழி 2016-இல் வந்தது. இன்னொன்று, கட்டியின் டி.என்.ஏ. பிழை திருத்தும் திறன் பழுதாகியிருக்கிறதா என்ற சோதனை. அப்படிப் பழுதான கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் தொடங்கியிருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு முன் எந்தப் புற்றுநோய் மருந்துக்கும் அங்கே இப்படி உறுப்பைக் கணக்கில் கொள்ளாத அனுமதி கிடைத்ததில்லை.

ரத்தத்தில் பார்த்தால் ஏன் போதாது? உடலில் உள்ள லிம்ஃபோசைட்டுகளில் ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடுபவை சுமார் 2 சதவீதம்தான். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் திசுக்களிலும் குடியிருக்கின்றன. நம் வாசலில் காவலாளி வைத்திருக்கும் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று அதில் இருக்கும். நான்காவது மாடியில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் இருக்காது. கட்டிக்குள் டி செல்கள் நுழைந்தனவா, நுழைந்தும் செயலிழந்து நிற்கின்றனவா என்பது வீட்டுக்குள் நடக்கும் கதை.

அதற்காக ரத்தத்தில் ஒன்றுமே தெரியாது என்று சொல்லவில்லை. நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. 2017-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த சில வாரங்களில் ரத்தத்தில் உள்ள சிடி8 செல்கள் விழித்துப் பெருகுவதைக் கண்டது. அந்தப் பெருக்கத்தை மட்டும் பார்த்தால் போதவில்லை. கட்டி எவ்வளவு பெரியது என்பதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் பலனோடு தொடர்பு தெரிந்தது. அதே ஆண்டு, இந்தியாவில் பிறந்த ரஃபி அகமதுவின் எமரி பல்கலைக்கழகக் குழு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இதைப் போன்ற பெருக்கத்தைக் காட்டியது. 2018-இல் சூரிச் குழு ஒன்று, மோனோசைட் என்ற வேறொரு வெள்ளை அணுவின் ஒரு வகை, சிகிச்சைக்கு முன்பே அதிகமாக இருந்தவர்களுக்குப் பலன் கூடியதாகச் சொன்னது.

இவை அறிவியலுக்குப் பெரிய படிகள். ஆனால் இவற்றில் சொல்லப்படுவது ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம். பலன் பெற்றவர்களின் எண்களும் பெறாதவர்களின் எண்களும் நிறைய ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. உங்கள் அப்பாவின் எண் ஒன்றை வைத்து, அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி.க்கு 200 என்று கோடு போட்ட மாதிரி, எல்லா ஆய்வகங்களும் ஒப்புக்கொண்ட கோடு இங்கே இல்லை.

நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம் என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே வகுத்துப் பார்க்கலாம், தனிச் செலவு கிடையாது. அது உயர்ந்திருப்பவர்களுக்கு நோயின் போக்கு பொதுவாகக் கடினமாக இருக்கிறது. எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். நோய் கடினமானது என்று சொல்வது வேறு, இந்த மருந்து வேண்டாம், அந்த மருந்தைக் கொடு என்று சொல்வது வேறு. முதல் வகை எண்ணை இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்தினால், பலன் தரக்கூடிய மருந்தையே ஒருவருக்கு மறுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பணம் போவதைவிட இது பெரிய இழப்பு.

முகாம் பற்றி

இப்போது செயற்குழுவின் கேள்விக்கு வருகிறேன். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று காரணங்கள்.

ஒன்று, இந்த எண்கள் நிலையாக இருப்பவை அல்ல. சிடி4 எண்ணிக்கை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சளிக்காய்ச்சல் வந்தால் மாறும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் இறங்கும். எடுத்த ரத்தத்தைக் குறித்த நேரத்துக்குள் சோதிக்காவிட்டாலும் தவறான எண் வரும்.

இரண்டு, ஒரு சிறிய கணக்கு. 'இயல்பான அளவு' என்று அச்சிட்டிருப்பது வழக்கமாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழும் வரம்பு. 20 அளவுகள் கொண்ட அறிக்கை என்றால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஓர் அளவாவது தடித்த எழுத்தில் வர 100-க்கு 64 வாய்ப்பு இருக்கிறது. நம் குடியிருப்பில் 100 பேர் எடுத்தால் ஏறத்தாழ 64 பேர் திங்கட்கிழமை காலையில் கவலையோடு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம்.

மூன்று, அந்தத் தடித்த எழுத்துக்கு மருந்து எதுவும் இல்லை. நான் முதலில் சொன்ன கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.

முகாம் வேண்டும் என்றால், பதில் உள்ள பரிசோதனைகளைக் கேட்போம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் பரிசோதனை. இவற்றில் பெரும்பாலானவை அரசின் திட்டத்திலேயே இருப்பவை. ஏதாவது தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்ற வழியும் தெளிவாக இருக்கிறது.

சிகிச்சையில் இருக்கும் குடும்பங்களுக்கு

கடைசியாக, வீட்டில் இம்யூனோதெரபி எடுப்பவர்கள் இருந்தால் நான்கு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பயாப்ஸி பிளாக். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிடி-எல்1 உள்படப் பல பரிசோதனைகளை அதிலிருந்தே செய்யலாம். மருத்துவமனை மாறும்போது அறிக்கையோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். வெயில் படாமல் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது, கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் தேடும் 'லிக்விட் பயாப்ஸி' வேறு, நோய் எதிர்ப்பு செல்களை எண்ணுவது வேறு. நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மாற்றம் தெரிந்தால் அதற்கென்றே உள்ள மாத்திரை முன்னுக்கு வரும். அங்கே முடிவு மாறுகிறது. அதனால் ரத்தத்தில் செய்யும் எல்லாப் பரிசோதனையும் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, சாதாரணமாகத் தோன்றும் பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். பிரேக்கை விடுவிக்கும் மருந்து, சில சமயம் டி செல்களை நம் உறுப்புகள் மீதே திருப்பிவிடும். தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்கச் சொல்வது அதனால்தான். புதிதாக வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், இருமல், நெஞ்சுவலி, தோல் தடிப்பு, எழுந்திருக்க முடியாத அசதி என்று எது வந்தாலும், அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். கைமருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ரிடுக்ஸிமாப் என்றால், தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். மறைந்திருக்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடலாம்.

நான்காவது, புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினால் மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "டாக்டர், இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால், எதற்காக எடுக்கிறோம் என்று மறுபடியும் கேளுங்கள். ஆய்வுக்காக எடுக்கிறோம் என்று சொன்னால் அதுவும் நல்ல காரியம்தான். நாளைக்கு வரப்போகும் கோடு, இன்று ஆய்வுக்கு ரத்தம் கொடுப்பவர்களால்தான் கிடைக்கும். ஆனால் ஆய்வு என்றால் உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், அந்தப் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

அறிக்கைகளைப் புரிந்துகொள்ள உதவி வேண்டுமென்றால் மாலை நேரத்தில் என்னை வந்து பாருங்கள். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது. தாளில் என்ன எழுதியிருக்கிறது, அவரிடம் எதைக் கேட்கலாம் என்று நான் சொல்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.